வேடியப்பன் வாயருகே நான் எழுதியது

சித்தி நன்றாகப் படம் போடுவாள். அந்த ஒரு தகுதியை நம்பி எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் அவளைத் தற்காலிக வேலைக்கு எடுத்திருந்தார்கள். மழைக்கு ஒதுங்குகிறவர்களைத் தவிர அங்கே ஈ காக்கை நுழையாது. ஆறு மாதத்துக்குள் கூட்டம் வராவிட்டால் வேலை கிடையாது என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

சித்தி ஒரு காமிக்ஸ் போட்டாள். எட்டே பக்கம், ஜெராக்ஸ் எடுத்து நடுவில் பின் அடித்தது. அங்கிருந்த ஒரு நடுகல் வீரன்தான் கதாநாயகன். மாடு கவர வந்தவர்களோடு மல்லுக்கு நின்று செத்தவன். கையில் வில், காலடியில் வால் முறுக்கிய நாய். காமிக்ஸில் நாயோடு கல்லிலிருந்து இறங்கி ஒவ்வொரு அறையாகச் சுற்றிப் பார்ப்பான். கடைசிப் பக்கத்தில் அவன் வாயருகே ஒரு வட்டம் வெறுமையாக இருந்தது. படிக்கிற பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றியதை அதில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது சித்தியின் திட்டம்.

மூன்றாம் வகுப்பு அறிவாளியான எனக்கு அது தெரியாது. பாவம், மறந்துவிட்டாள் என்று நினைத்து, கறுப்புப் பேனாவால் நானே எழுதி நிரப்பிவிட்டேன்: "நான் வூட்டுக்குப் போவணும்." டியூஷனில் உட்கார்ந்தால் எனக்கு வேறெதுவும் தோன்றாது.

எல்லாப் படியும் ஜெராக்ஸ் ஆகி வந்த பிறகுதான் சித்தி பார்த்தாள். என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது. மறுபடி எடுக்கக் காசில்லாததால் புத்தகம் அப்படியே பள்ளிக்கூடங்களுக்குப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சித்தியோடு நானும் போயிருந்தபோது, அருங்காட்சியக வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. கடத்தூர்ப் பக்கத்து ஆட்கள், இருபது பேருக்கு மேல். வண்டியில் வைக்கோல் பரப்பி, கயிறு, கடப்பாரை, மாலை, கால் கட்டிய சேவல் என்று சகலமும் கொண்டுவந்திருந்தார்கள். நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இந்த வேடியப்பன் அவர்கள் கொல்லையில் நின்றவராம். ரோடு அகலப்படுத்தியபோது யாரோ லாரியில் ஏற்றிப் போனார்கள். எங்கே போனார் என்று தெரியாமலே இருந்திருக்கிறது. பிள்ளை கொண்டுவந்த காமிக்ஸில் அந்த நாயைப் பார்த்து அடையாளம் கண்டுவிட்டார்கள்.

"எங்கப்பன் வூட்டுக்குப் போவணும்னு வாயத் தொறந்து கேக்குதுங்க. நீங்களே புத்தகத்துல போட்டிருக்கீங்க. கூட்டிக்கினு போவ வந்திருக்கோம்," என்றார் முன்னால் நின்றவர்.

"அரசாங்கச் சொத்துங்க, தொடக்கூடாது," என்ற அதிகாரி இரண்டடி பின்வாங்கினார். யாரோ கடப்பாரையைத் தரையில் ஊன்றினார்கள். அதிகாரி போலீசுக்குப் பேச போனை எடுத்துக்கொண்டு சித்தியிடம் திரும்பினார். "யாரும்மா இத எழுதினது?"

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன், பயந்து சித்தியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"நான்தாங்க சார்," என்றாள் சித்தி. பிறகு அந்த ஆட்களிடம், "மொதல்ல உள்ள வந்து பாருங்க," என்று கதவை அகலத் திறந்துவிட்டாள். கடப்பாரையும் கூடவே உள்ளே வந்தது.

கல்லைக் கண்டதும் அவர்களோடு வந்த ஓர் அம்மா முந்தானையால் நாயின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்துவிட்டுத் தன் ஆட்களைத்தான் கேட்டார்: "எடுத்துக்கினு போயி எங்கடா வெப்பீங்க? கொல்லையே ரோட்டுக்குப் போயிடுச்சே."

கடப்பாரை வைத்திருந்தவர் அதைச் சத்தமில்லாமல் சுவரோரம் சாய்த்தார். மாலையைப் போட்டார்கள், விழுந்து கும்பிட்டார்கள். சேவலை அறுக்கவில்லை.

அதற்குள் அதிகாரிக்குத் தெம்பு வந்துவிட்டது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பார்வையாளர் பதிவேட்டைக் கொண்டுவந்து ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினார். அந்த வருஷம் முழுக்க வராத கூட்டம் ஒரே காலையில் வந்திருந்தது. "உன் வேலைக்கு இனிமே பயமில்லம்மா," என்றார் சித்தியிடம்.

டெம்போ போன பிறகு சித்தியும் நானும் பதிவேட்டைப் புரட்டினோம். 'கருத்து' என்ற கட்டத்தில் முன்னால் நின்றவர் எழுதியிருந்தார்: "எங்கப்பனப் பத்தரமா பாத்துக்குங்க."

கல்லைப் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று விழுந்து விழுந்து சிரித்தேன். சித்தியின் வேலை தப்பியதில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவள் மட்டும் ஏன் அந்தப் பக்கத்தை மூடாமல் அழுதுகொண்டிருந்தாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.