கொடுக்க மறுத்த குல்லா

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பங்குனி மாதம். திருவண்ணாமலை வேங்கிக்காலில் புதிதாகக் கட்டியிருந்த வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குக் கலெக்டர் ஆபீஸில் வேலை. கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு முறை உண்டாகி, மூன்றாம் மாதத்தைத் தொடுவதற்கு முன்பே கலைந்துபோயிருந்தது. இந்த முறை மூன்று மாதம் முழுசாக முடிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து வீட்டில் இருந்த அக்கா, ஊட்டியிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவர்தான் எனக்கு உல்லன் பின்னக் கற்றுக்கொடுத்தார். வெயில் கொளுத்தும் ஊரில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கம்பளி நூல் பின்னும் என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். பெங்களூரில் உல்லன் நூல் கண்காட்சி நடக்கிறது என்று அக்கா சொன்னதும் நானும் கிளம்பிவிட்டேன்.

“இந்த நேரத்துல பஸ்ல அவ்ளோ தூரம் குலுங்கிக்கினு போகணுமா?” என்று மாமியார் தடுத்தார். நான் கேட்கவில்லை.

அப்படி ஒரு நிறக் கூட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. கிளிப்பச்சை, வாடாமல்லி, ரோஸ், மாம்பழ மஞ்சள் என்று கடை கடையாக நூல்கண்டுகள். ஒவ்வொன்றையும் எடுத்துக் கன்னத்தில் வைத்து, உறுத்துகிறதா என்று பார்த்துப் பார்த்து வாங்கினேன். மஞ்சள் போதாமல் போனபோது, வேலூரில் ஒரு கண்காட்சிக்குப் போய் அதே மஞ்சளைத் தேடிப் பிடித்தேன். ஒரு ஸ்வெட்டர், காலுறை, காதை மூடுகிற மாதிரி ஒரு குல்லா. ஆவணிக்குள் எல்லாம் தயாராகிவிட்டது.

ஐப்பசியில், நாள் நெருங்கிய நேரத்தில், வயிற்றில் அசைவு நின்றுபோனது. பெண் குழந்தை. தலை நிறைய முடி. அழவே இல்லை.

பஸ்ஸில் போனதால்தானோ என்று டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். இல்லை என்றார். நான் நம்பவில்லை. மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

மறுநாள் காலையிலிருந்து விடாத மழை. ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் அடி அண்ணாமலையைச் சேர்ந்த ஒரு பெண். இருபது வயது இருக்கும். எட்டாம் மாதத்திலேயே, அன்று விடியற்காலையில் பிரசவம் ஆகிவிட்டது. உள்ளங்கை அகலத்தில் ஒரு ஆண் குழந்தை. வேலூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அவள் கணவன் வண்டி பிடிக்கப் போயிருந்தான். அதுவரைக்கும் தலையை நன்றாக மூடிவைக்கும்படி நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். அவள் தன் பழைய புடவைத் துணியைச் சுற்றினாள். அது நழுவி நழுவி விழுந்தது.

குழந்தைக்கென்று நான் கொண்டுவந்திருந்த பை என் கட்டிலுக்கு அடியில் பாதி திறந்திருந்தது. மஞ்சள் குல்லா தெரிந்திருக்க வேண்டும்.

“அக்கா, அந்தக் குல்லா மட்டும் கொஞ்சம் குடுங்கக்கா. புள்ளைக்குக் கையி காலெல்லாம் சில்லுனு கீது. வேலூர் போய்ச் சேர்ற வரைக்கும்தான்.”

நான் பையைக் காலால் உள்ளே தள்ளினேன்.

“இது என் பொண்ணோடது. யாருக்கும் தர மாட்டேன்” என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. மத்தியானம் வண்டி வந்தது. போகும்போது, “வர்றேன்க்கா” என்று சொன்னாள். நான் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு என் குழந்தையின் முகத்தோடு அந்தக் குரலும் சேர்ந்துகொண்டது. ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையை எடுத்துக்கொண்டு கணவரோடு அடி அண்ணாமலைக்குப் போனேன். அவள் கணவன் கிரிவலப் பாதையில் இளநீர் விற்கிறவன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம்.

வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்தாள். என் கையில் இருந்த பையையும் பார்த்தாள்.

“வேலூர் போறதுக்குள்ளயே போயிடுச்சுக்கா” என்றாள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் எதிரில் உட்கார்ந்துகொண்டு, “நான் அன்னிக்கு உங்களாண்ட கேட்டிருக்கக் கூடாதுக்கா. நீங்க இருந்த நெலமையில, வேற யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க” என்றாள்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைக்கவே இல்லை.

அதன் பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. நான் பின்னல் ஊசியைத் தொடவும் இல்லை. சில வருடம் கழித்து ஒரு டாக்டரிடம் இதைச் சொன்னபோது, அவ்வளவு சின்னக் குழந்தைக்கு மூச்சே சரியாக வந்திருக்காது, ஒரு குல்லாவால் ஆகக்கூடியது எதுவுமில்லை என்றார். இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை இந்த உலகத்தில் இருந்ததே ஒரு பகல் பொழுதுதான். அந்தக் கொஞ்ச நேரமாவது கதகதப்பாக இருந்திருக்கும், அதைக்கூட நான் கொடுக்கவில்லை.