பழைய ரிங்கை மாட்டியது நான்தான்

பெங்களூரு நீலசந்திராவில் ஸ்கூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த ஏழுமலை அண்ணன் இறந்துபோன செய்தி, செவ்வாய்க்கிழமை காலை நம் தெருவின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "பெட்ரோல் ஒழுக விட்டாரே, அந்த மெக்கானிக்கா?"

அவரைப் பற்றி அப்படி எழுதியது நான். ஒரு மாதத்துக்கு முன், இதே குழுவில். கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர என்னால் முடியவில்லை. மூன்று நாட்களாக எழுதி எழுதி அழித்து, இப்போது முழுதாக எழுதுகிறேன்.

உங்களில் பலர் வண்டியை அவரிடம் விட்டிருக்கிறீர்கள். கார்புரேட்டரைத் திறந்தால், அதன் அடிக்கிண்ணத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய ரப்பர் ரிங்கைக் கழற்றி, கத்தரியால் இரண்டாக வெட்டி, நம் கையில் கொடுத்துவிடுவார். "நல்லாத்தானே இருக்கு அண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன். "நல்லா இருக்கற மாதிரி இருக்கும் மேடம். அதான் வெட்டறேன். முழுசா இருந்தா எனக்கே திரும்பப் போடத் தோணும்" என்றார்.

என் ஸ்கூட்டருக்குப் பதினெட்டு வயது. அவர் புது ரிங் போட்டுத் தந்த பத்தாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அது கிளம்ப மறுத்தது. அவர் கடை மூடும் ஒரே நாள் அதுதான். வீடியோ பார்த்து நானே கார்புரேட்டரைத் திறந்தேன். சுத்தம் செய்து மூடும்போது ரிங் பள்ளத்தில் உட்காரவில்லை. பெட்ரோலில் ஊறிப் பெருத்திருந்தது. வெயிலில் வைத்தேன். சுருங்கியது. அதையே மாட்டினேன். வண்டி கிளம்பியது. எனக்கு அவ்வளவு பெருமை.

இரண்டு நாள் கழித்து ஈஜிபுரா சிக்னலில், பின்னாலிருந்த ஆட்டோக்காரர், பெட்ரோல் ஒழுகுகிறது என்று கன்னடத்தில் கத்தினார்: "மேடம், பெட்ரோல் லீக் ஆக்தா இதே!" என் மகள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வண்டியை வீடுவரை தள்ளிவந்த கோபத்தில் அந்தப் புகாரை எழுதினேன். நான் திறந்ததற்கும் ஒழுகியதற்கும் சம்பந்தமில்லை என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் கடையில் நான்கு பேர் முன்னால் சத்தம் போட்டேன். "தீப்பிடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"என்ன ஏழுமலை, ரிங்குக்குப் பதிலா உன் பொண்ணோட ரப்பர் பேண்டைப் போட்டுட்டியா?" என்று காத்திருந்தவர் ஒருவர் சிரித்தார்.

அண்ணன் கிண்ணத்தைத் திறந்தார். நசுங்கிய ரிங்கை விரலில் உருட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தப்பு நடந்துபோச்சு மேடம். மாத்திடறேன்" என்றார். அன்றைக்கு வெட்டியதை என் கையில் கொடுக்காமல் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வண்டியைத் தெருவில் இறக்கித் தந்தபோது, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்: "இனிமே ஞாயித்துக்கெழமையா இருந்தாலும் போன் பண்ணுங்க மேடம். வந்துடறேன்."

நானே திறந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். குழுவில் இரண்டு பேர், இனி வேறு கடை பார்ப்பதாக எழுதினார்கள். அதையும் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நீலசந்திரா வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவி மல்லிகா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தெரியும்மா. அன்னிக்கே வந்து சொன்னாரு. 'ஸ்க்ரூவெல்லாம் கரெக்டா டைட் பண்ணியிருக்காங்க, அந்த மேடத்துக்குக் கை நல்லா இருக்கு, ரிங்கு மட்டும் புதுசு போட்டிருந்தாப் போதும்'னு."

நண்பர்களே, அவர் எந்த வண்டியிலும் பெட்ரோல் ஒழுக விடவில்லை. ஒழுக விட்டவள் நான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பாராட்டு. அதைக் கேட்டதிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.