எடை திரும்பிய கிடா

அப்போதெல்லாம் எனக்குத் தராசின் மேல் அப்படியொரு நம்பிக்கை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் சங்குச்சக்கரப் பெட்டிகளை எடை பார்த்துத் தள்ளுவது என் வேலை. பெட்டிக்குப் பத்துச் சக்கரம். எண்ணவே வேண்டாம், எடை குறைந்தால் உள்ளே ஒன்று குறைகிறது என்று அர்த்தம். எடை சரியென்றால் சரக்கு சரி. பெட்டிக்குச் சரியாக இருப்பது ஆட்டுக்கும் சரியாக இருக்கும் என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல!

ரெண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். மாசி சிவராத்திரிக்கு மறுநாள் குலசாமி கோயிலில் மகளுக்குக் காதுகுத்து என்று முடிவானது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். ஆனால் என் அண்ணன் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு இவரைக் கட்டிக்கொண்டவள் நான். ஏழு வருஷமாக அண்ணன் என் வாசலை மிதிக்கவில்லை. ஆள்விட்டுக் கேட்டதற்கு, "வாரேன்னு சொல்லு" என்று ஒரே வார்த்தை சொல்லி அனுப்பினார். அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை. வருகிற மனிதருக்கு இலை நிறையக் கறி வைக்க வேண்டும், மனசில் அது ஒன்றுதான்.

எங்கள் வகையறாவில் தாய்மாமன் பந்திக்குத் தனி அண்டா. பிள்ளையின் தாய் தன் கையால் வளர்த்த கிடாயைத்தான் அதில் போட வேண்டும், கடையில் வாங்கிய கறி சேராது. என்னிடம் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு கிடாக்குட்டிகள் இருந்தன. ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். மற்றப் பந்திகளுக்கான இன்னொன்றை ஆமத்தூரில் இருக்கும் மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, மேய்த்துத் தருகிறேன் என்று பிடித்துப் போனார்.

தீபாவளி சீசன் வந்தது. விடியும்முன் வேன் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. ஆட்டை மேய்க்க யார் இருக்கிறார்கள்? வேப்பமரத்தில் கட்டிப்போட்டு, ஒரு கை காய்ந்த சோளத்தட்டையும் கழனித்தண்ணியும் வைத்துவிட்டு ஓடுவேன். ஆறேழு வாரத்தில் கிடாயின் விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது.

தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்ததும் பிடித்தேன் பாருங்கள் வைராக்கியம்! பிண்ணாக்கு, தவிடு, ஊறவைத்த மக்காச்சோளம், கட்டுக்கட்டாக அகத்தி. அதுவும் தின்றது தின்றது, அப்படித் தின்றது. மாசியில் மதினி தன் கிடாயோடு வந்தபோது இரண்டையும் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றினோம். அரைக்கிலோகூட வித்தியாசமில்லை. "எதுக்கும் ஆடு பாக்கத் தெரிஞ்சவுககிட்ட ஒரு தடவ காட்டிருவோமா?" என்றார் வீட்டுக்காரர். "எடை இருக்குல்ல? பேசாம இருங்க" என்று அவர் வாயை அடைத்தேன்.

கோயிலில் கிடாக்களை வெட்டி, அடுத்தடுத்துத் தொங்கவிட்டு உரித்தார்கள். மதினி வளர்த்தது சிவப்பாக, தொடை திரண்டு தொங்கியது. என்னுடையதில் முதுகெங்கும் வெள்ளைப் பூச்சு. குண்டிக்காய் என்கிற சிறுநீரகமே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கொழுப்பு மூடியிருந்தது. தொடையைப் பிடித்துப் பார்த்தேன், ஒரு கைக்குள் அடங்கியது.

உரித்துக்கொண்டிருந்தவர் திரும்பி, "இதக் கொஞ்ச நாளு காயப் போட்டீகளோ?" என்றார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீக?"

"காஞ்ச ஆட்டுக்குத் திடுதிப்புனு தீனிய அள்ளி வச்சா, கொழுப்புத்தான் முந்திக்கிட்டு ஏறும். கறி மெதுவாத்தான் வரும்."

"முன்னாடி இருந்த கறி எங்கன போச்சு?"

"அது உசுரோட நிக்கணும்ல? தீனி இல்லேன்னா தன் கறியத் தானே தின்னுக்கிடும்."

எனக்கு அதோடு மனசு அடங்கவில்லை. கறியைத் தனியாகவும் கொழுப்பைத் தனியாகவும் நிறுக்கச் சொன்னேன். "காதுகுத்துக்கு வந்தவ தராசத் தூக்கிட்டு நிக்கா" என்று பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்! கறியில்தான் பெரிய பள்ளம். பட்டினியால் இப்படியா, கட்டியே போட்டதாலா, மதினியின் ஆடு வரப்பு வரப்பாக நடந்ததாலா? இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. எடைக்குள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் தராசு சொல்லாது என்று தெரிந்துகொண்டேன்.

மதினியின் கிடாயிலிருந்து எடுத்துப் போடலாம் என்றால் பெரியவர்கள் ஒப்பவில்லை, முறை தப்பிவிடுமாம். மகளுக்குக் காது குத்தியாயிற்று. அண்ணனும் அவரோடு வந்தவர்களும் பந்தியில் உட்கார்ந்தார்கள். கரண்டியை எத்தனை தடவை துழாவினாலும் எலும்பும் கொழுப்பும்தான் வந்தன. அண்ணன் இலைக்கு வந்ததும் கரண்டியை நிறுத்தினேன்.

"அண்ணே, கறி கம்மியாத்தான் இருக்கு. சீசன்ல இதுக்குத் தீனி வைக்க ஆளில்ல."

அண்ணன் இலையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஆட்டுக்கு வைக்க ஆளில்ல, சரி. ஒனக்கு யாருத்தா வச்சா?"

அந்த சீசன் முழுக்க என் மத்தியானச் சாப்பாடு டீயும் ஒரு பன்னும்தான். அதை யாரும் கேட்டதில்லை, நானும் யாரிடமும் சொன்னதில்லை. அத்தனை பேர் நடுவில் கரண்டியோடு நின்று அழுதேன். அழுகை நிற்கவே மாட்டேன் என்கிறது.

"மதினி, அந்தக் கரண்டிய வாங்குங்க" என்றார் அண்ணன். பிறகு நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார். "இங்கன உக்காரு."

விருந்து வைக்கிறவள் முதல் பந்தியில் உட்காரும் வழக்கமே கிடையாது. உட்கார்ந்தேன். அண்ணன் தன் இலையில் கிடந்த நாலைந்து கறித்துண்டுகளைப் பொறுக்கி என் இலையில் வைத்துவிட்டு, கொழுப்பைப் பிசைந்து தின்ன ஆரம்பித்தார்.