பாண் வெட்டும் மெஷின்

தன் மகளின், அதாவது என் மச்சாளின், ஆங்கிலப் படிப்புக்காக மாமா ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்தபோது, அங்கிருந்த வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார் என்று அம்மா சொல்வார். குட்மேய்ஸில் அவர்கள் எடுத்த வாடகை வீட்டின் சின்ன அறை முழுக்க ஜெர்மன் சாமான்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு முள் பிளக். இந்த ஊர்ச் சுவரில் ஒன்றும் ஏறாது. யாருக்காக லண்டன் வந்தார்களோ அந்த மச்சாள் குசினி மேசையில், தாளிக்கிற புகையில் இருமியபடி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

அறையை ஒழிக்க மாமி கண்ட வழிதான் கார் பூட் சேல். ஞாயிறு காலையில் மைதானத்தில் காரை நிறுத்தி, பின்கதவைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்கலாம். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமாவின் ஜெர்மன் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம். வலப்பக்கம் சாரதி மாதிரி உட்கார்ந்து போகலாம் என்பதற்காகவே நானும் தொற்றிக்கொள்வேன்.

மாமாவைப் போல எரிச்சலூட்டும் வியாபாரியை நான் பிறகு எங்கும் காணவில்லை. எதிலும் விலை ஒட்டமாட்டார். விலை கேட்டால், தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில், அதை வாங்கிய கடையின் கதையிலிருந்து தொடங்குவார். வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள் என்று விசாரிப்பார். பதில் பிடிக்காவிட்டால் விலை ஏறும். பேரம் பேசினால் சாமானைத் துணியால் மூடிவிடுவார். விற்க வந்தவர் ஏன் வாங்க வருபவரைத் துரத்துகிறார்? அதைக் கண்டுபிடிக்க நான் வாரா வாரம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா தேநீர் வாங்கப் போகும் நேரம் பார்த்து மாமி ஒவ்வொன்றாக விற்றுத் தள்ளினார். கடைசியில், பேக்கரி ரொட்டியைத் துண்டு போடுகிற ஒரு பாண் வெட்டும் மெஷின் மட்டும் மிஞ்சியது. வெட்டிய பாணையே கடையில் விற்கிற நாட்டில் அதை யார் வாங்குவார்கள்?

"இண்டைக்குப் போகாட்டி இது குப்பைக்குத்தான்," என்றார் மாமி. மாமாவின் முகம் சுண்டிப்போனது.

மத்தியானம் ஆகும்போது தடி ஊன்றிய ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்து, மெஷினில் இருந்த எழுத்தை வாசித்துவிட்டு ஜெர்மனில் ஏதோ கேட்டார். மாமா சட்டென்று எழும்பினார். டாக்டரிடம் போவதற்குக்கூட மச்சாளைத் துணைக்குக் கூட்டிப்போகிற மனிதர், மூச்சு விடாமல் பேசத் தொடங்கினார். பகிடி விட்டார். கிழவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் இது யாரோ வேறு மாமா என்று தோன்றியது. பிறகு மெஷினைத் தானே சுமந்து கிழவரின் காரில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

"சும்மாவோ குடுத்தனீங்கள்?" என்றார் மாமி.

"அந்தாளுக்கு அதின்ர அருமை தெரியும்."

திரும்பி வரும்போது காரில் எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, அந்த வெள்ளைக்காரர் முதல் என்ன கேட்டவர்?"

"எந்த ஊர் எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"டோர்ட்முண்ட்."

எங்கள் ஆட்கள் சந்தித்தால் முதலில் கேட்கும் கேள்வி அது. லண்டனிலேயே பிறந்த எனக்குக்கூட அதற்குச் சரியான பதிலாக, அம்மா அப்பா பிறந்த கிராமத்தின் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். மாமா வாய் தவறி ஜெர்மன் நகரத்தின் பெயரைச் சொல்லிவிட்டார் என்று நினைத்து, "உங்கட ஊர் அளவெட்டி எல்லோ, மாமா?" என்று திருத்தினேன்.

பின்னால் இருந்த மாமி கையை நீட்டி என் தோளை அழுத்தினார். சரியாகச் சொன்னதற்கு ஏன் ஒருவரும் என்னை மெச்சவில்லை என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஊரை விட்டு வருவது ஒருவருக்கு இரண்டு தரம்கூட நடக்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது.