மிஷின் போச்சு, டிஸ்க் எங்கே?

இரண்டு வருடம் இருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், லாரிகளுக்கு வார்ப்புப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் தரக்கட்டுப்பாட்டு ஆவணங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒருமுறை வாயை விட்டதில் ஐ.டி. வேலையும் என் தலையில் விழுந்தது.

எங்கள் சோதனைப் பதிவுகளெல்லாம் க்ளவுடில் வாடகைக்கு எடுத்த ஒரு கம்ப்யூட்டரில் இருந்தன. ஒரு திங்கட்கிழமை காலை அது திறக்கவில்லை. வெறும் கறுப்புத் திரை. உதவி எண்ணுக்கு நான்கு முறை அழைத்தேன். நான்கு பேரிடமும் முதலிலிருந்து கதை சொன்னேன். நான்கு பேரும் 'ரீஸ்டார்ட் பண்ணுங்க' என்றார்கள். எரிச்சலில் அந்தக் கம்ப்யூட்டரையே நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கினேன். பதிவுகள்தான் க்ளவுடில் இருக்கின்றனவே, எங்கே போய்விடும் என்ற தைரியம்! புதியது உடனே திறந்தது. ஆனால் பதிவுகள் இருந்த 'E' டிரைவைக் காணோம்.

அன்று மதியமே வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. பிரேக் பாகம் ஒன்றில் விரிசலாம். சோதித்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். அதைச் சோதித்தவர் ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வரும் லேப் ஆபரேட்டர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். மேனேஜர் கேட்டபோது, அவரையும் வைத்துக்கொண்டே, "எல்லாம் அழிஞ்சிடுச்சு சார்" என்றேன். பதிவு இல்லையென்றால் சோதிக்கவே இல்லை என்றுதான் அர்த்தம் என்று மேனேஜர் முடிவு கட்டினார். புதன்கிழமை மதியம் விசாரணை. அதுவரை ஆபரேட்டர் லேபுக்குள் போகக்கூடாது.

அவர் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டார். செவ்வாய்க்கிழமை முழுக்க ஒரே கேள்வி.

"மிஷினுதானே மேடம் பூட்ச்சி? டிஸ்க்கு இன்னா ஆச்சு? நம்ம லேப் கம்ப்யூட்டரு புட்டுக்கினப்போ, டிஸ்க்க கயட்டி வேற பொட்டில மாட்டிக்கினோமே!"

"அண்ணே, இது க்ளவுடு. கழட்டி மாட்ட அது என்ன கையிலயா இருக்கு? சும்மா பேஜார் பண்ணாதீங்க" என்று எரிந்து விழுந்தேன். அன்று மாலை அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

புதன்கிழமை காலையும் வந்து அதையே கேட்டார். அவர் சொல்வது தப்பு என்று காட்டி வாயை மூட வைப்பதற்காகவே க்ளவுட் கணக்கில் டிஸ்க் பட்டியலைத் திறந்தேன். அங்கே ஒரு டிஸ்க், எந்தக் கம்ப்யூட்டரோடும் இணையாமல் தனியாகக் கிடந்தது! விண்டோஸ் இருக்கும் டிஸ்க் வேறு, பதிவுகளுக்காகப் பக்கத்தில் இணைத்த டேட்டா டிஸ்க் வேறு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்ப்யூட்டரை நீக்கும்போது 'டிஸ்க்கையும் சேர்த்து நீக்கவா' என்ற கட்டத்தில் நான் டிக் செய்யவில்லை. யோசித்து அல்ல, அவசரத்தில் கவனிக்கவே இல்லை.

புதிய கம்ப்யூட்டரோடு அதை இணைத்தேன். இணையத்தில் கிடைத்த ஒரு செய்முறையைப் பார்த்து வரிசையாகச் செய்துகொண்டே போனேன். 'E' டிரைவ் தெரிந்தது. அடுத்த படி, 'ஃபார்மட்'. மவுஸை அதன்மேல் கொண்டுபோய்விட்டேன்.

"மேடம், நில்லு நில்லு! ஃபார்மட் குட்த்தா அல்லாம் அயிஞ்சிடாது?"

கை அப்படியே நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்தது புதிதாக வாங்கிய காலி டிஸ்க்குக்கான செய்முறை.

டிரைவைத் திறந்தோம். அந்தப் பாகத்தின் சோதனை அளவுகள், தேதி, அவர் பெயர், எல்லாம் இருந்தன. அவர் திரையில் தன் பெயர்மேல் விரலை வைத்து, "நான் செக் பண்ணேன் மேடம்" என்றார், ஏதோ நான்தான் நீதிபதி போல. விசாரணை ரத்தானது. மேனேஜர் "சரி, லேபுக்குப் போங்க" என்றதோடு சரி. நான் மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

'எனக்குத் தெரியல, தேடிப் பார்க்கிறேன் சார்' என்று திங்கட்கிழமையே சொல்லியிருந்தால், ஒரு மனிதர் இரண்டு நாள் குற்றவாளியாக என் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்ற உறுத்தல் இன்றும் எனக்குப் போகவில்லை.