கட்டியோடு பேசியவர்

முதல் கீமோவுக்காகப் பாறசாலையில் ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர். மொட்டைத் தலையில் துண்டு சுற்றியிருந்தார், புருவமே இல்லை. அடிக்கடி குனிந்து தன் இடது மார்பைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

“யாருகிட்ட பேசுதீங்க அக்கா?”

“கட்டிகிட்ட ஆக்கும். ஹார்மோன் மாத்திரைக்கு அடங்காத வகையாம், வேகமா வளருமாம்.”

எனக்கு வந்திருந்ததும் அதே வகைதான்.

“என்ன சொல்லுவீங்க?”

“பயமா இருக்குன்னு சொல்லுவேன். வீட்டுல சொன்னா எல்லாரும் அழுவாவ. அது கேட்டுட்டுக் கெடக்கும். அதுக்கும் பயம் உண்டு, மக்கா.”

அதுவரை யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

“எனக்கும் பயமா இருக்கு.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார்.

“கேட்டியா? இந்தப் பிள்ளைக்கும் பயமாம்.”

பிறகு, பதில் வரக் காத்திருப்பவர்போல் அசையாமல் இருந்தார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.