போன் போகாத கடிதம்

பழனிசெட்டிபட்டியில் எங்கள் எம்.பி.யின் வீட்டு முன்னறைதான் எனக்கு ஆபீஸ். அவர் ஒன்றியத் தலைவராக இருந்தபோது உதவியாளனாகச் சேர்ந்தேன். அப்போதெல்லாம் யார் மனுவோடு வந்தாலும் என் மொபெட்டில் ஏறிக்கொண்டு அவரே கரண்டு ஆபீசுக்கு வருவார். "இவுக வீட்டுக்கு லைன் குடுங்க, அப்பறம் எந்திரிக்கிறேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எம்.எல்.ஏ. ஆனதும் நேரில் போவது நின்று போன் ஆனது. எம்.பி. ஆகி டெல்லிக்குப் பறக்க ஆரம்பித்ததும் அது கடிதமாகிவிட்டது. வருகிற எல்லோருக்கும் லெட்டர்பேடில் சிபாரிசுக் கடிதம் அடித்து வைப்பேன். படிக்காமலே கையெழுத்துப் போடுவார். ஆனால் கடிதத்துக்குப் பின்னாலேயே அவருடைய போனும் போனால்தான் அதிகாரி அசைவார். யாருக்குப் போன் போக வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதி அவர் மேசையில் வைப்பது என் வேலை. ஒரு நாளைக்கு மூன்று பேர். மற்றவர்கள் கும்பிட்டு வாங்கிப் போனது வெறும் தாள். இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மார்க்கையன்கோட்டையிலிருந்து அக்கா வந்தாள். மச்சான் பஸ் டிரைவர். நாகர்கோவில் பக்கம் மாற்றிவிட்டிருந்தார்கள். தனியாக இருந்து, கண்ட கடையில் சாப்பிட்டு, சர்க்கரை ஏறி, கிளட்ச் மிதிக்கிற காலில் புண். கம்பம் டெப்போவுக்கு வந்துவிட்டால் வீட்டுச் சாப்பாடு, வைத்தியம் எல்லாம் ஆகிவிடும்.

"நீ அங்கன இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்று நான் அடித்துக் கொடுத்த கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

சீட்டில் மச்சான் பேரை நான் எழுதவில்லை. அவர் எம்.எல்.ஏ.வாக இருந்தபோது என்னோடு வேலை பார்த்தவன் தன் தங்கைக்காக ஒருமுறை கேட்கப்போய், "ஒன் வீட்டாளுகளுக்குப் பாக்கவா நான் எம்.எல்.ஏ. ஆனேன்?" என்று அன்றைக்கே வெளியே அனுப்பப்பட்டவன். அடுத்த வாரம் எழுதலாம் என்று தள்ளினேன். அப்புறம் தேர்தல் வந்தது. அக்கா கேட்கும்போதெல்லாம் "ஃபைல் நகருதுக்கா" என்றேன். கூசாமல் சொன்னேன். அவரைத் திட்டுவது எளிது. சீட்டு எழுதிய கை என்னுடையது.

போன மாசம் தேனியில் மச்சானுக்கு இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மொத மாசமே தெரியும்டா" என்றாள். "எம்.பி. போன் பண்ணலையே, வெறும் லெட்டரத்தான குடுத்துருக்காருன்னு டெப்போ ஆபீஸ்ல சொல்லிட்டாக."

"அப்பறம் ஏங்க்கா என்கிட்ட கேக்கல?"

"ஒங்க மச்சான்தான் வேணாம்னாக. ஒன் வேலைக்கு எதும் வந்துருமாம். நாலு பேர் மதிக்கிற எடத்துல இருக்கான், நம்மளால கெட வேணாம்னாக."

உள்ளே போனேன். மச்சான் என்னைப் பார்த்ததும் கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தி, நான் உட்காரக் கட்டிலில் இடம் விட்டார்.